பைக்குள்ளேயே இருந்துவிட்ட சின்ன ஃபின்

ஆடி முதல் வெள்ளியன்று மதுரையிலிருந்து எழுமலைக்கு ஒரு முறையும், ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறையும் போய்வந்தேன். ஒரு பக்கத்துக்கு ஐம்பத்துநான்கு கிலோமீட்டர். 2008-இல் இந்தத் தூரத்தைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதுவதா என்று கேட்பீர்கள். எழுதாமல் தப்பிக்கத்தான் மூன்று வாரம் பார்த்தேன். முடியவில்லை. கண்மாயிலோ கடலிலோ விண்ட்சர்ஃபிங் பழகும் ஆசையில் இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் இதை முதலில் படித்துவிடுங்கள். என்னுடைய பழைய பதிவுகளுக்குப் பிறகு போகலாம்.

புதியவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி. சிம்மக்கல்லில் பரம்பரை வீடு. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கட்டட வரைபடம் போடுவது பிழைப்பு. நான்கு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தபோது, எங்கள் கம்பெனி முகாமுக்குப் பின்னால் இருந்த காயலில் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொண்டேன். பலகையில் நின்றபடி பாயைக் கையில் பிடித்துக் காற்றோடு ஓடுகிற விளையாட்டு. ஊர் திரும்பும்போது பலகையையும் பாயையும் சரக்கில் போட்டுக் கொண்டுவந்தேன். வருடத்தில் பத்து மாதம் அது மொட்டை மாடியில் கிடக்கும். அதன்மேல் என் மனைவி வடகம் காயப்போடுவார். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் திருப்பரங்குன்றம் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

போன வருடம் "அலைக்கும் தட்டைத் தண்ணீருக்கும் ஒரே பலகை" என்று ஒரு பதிவு எழுதினேன். இந்த வலைப்பூவில் அதிகம் பேர் படித்தது அதுதான். 115 லிட்டர் பலகை, அடியில் 42 சென்டிமீட்டர் ஃபின், இது ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும் என்று எழுதியிருந்தேன். ஃபின் என்பது பலகையின் அடியில், பின்பக்கம், மீனின் செட்டைபோல நிற்கும் துண்டு. பலகை பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பதிவில் நான்கு இடத்தில் "என் அனுபவத்தில்" என்று எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உண்மை என்னவென்றால், நான் அலையில் ஒரு முறைகூடப் பலகை ஓட்டியதில்லை. நான் கற்றுக்கொண்ட காயலில் அலையே கிடையாது. பதிவு வந்த அன்று என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "நீங்க கடல்ல கால வச்சதே ராமேஸ்வரத்துல குளிக்கத்தான. எந்த அலைய எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

ஏப்ரலில் வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் பின்னூட்டம் போட்டார். "அலையில் 42 போட்டால் பலகை திரும்பவே திரும்பாது. கரை அருகே மணல்மேட்டில் தட்டும். நீங்கள் எந்தக் கடலில் ஓட்டினீர்கள்?" என்று கேட்டிருந்தார். என் அனுமதி இல்லாமல் இங்கே பின்னூட்டம் வெளிவராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் அனுமதிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைத் தேடிப் படித்தேன். முழுக்கச் சரி. சிங்கப்பூரிலிருந்து வரவிருந்த மச்சானிடம் சொல்லி 23 சென்டிமீட்டர் ஃபின் ஒன்றும் வரவழைத்துக்கொண்டேன். எல்லாம் செய்தேன், பதிவைத் திருத்துவதை மட்டும் செய்யவில்லை. இரண்டு நாளைக்கு ஒருவர் அதன் கீழே வந்து "அருமை, உங்கள் அனுபவம் பேசுகிறது" என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சுகம் விடவில்லை.

ஜூலையில் இந்த வலைப்பூவின் வாசகர் செல்வம் என்பவர் தொலைபேசியில் அழைத்தார். எழுமலையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். தொகுப்பூதியம், எந்த வருடம் வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாக வந்த நீர் விளையாட்டு மையத்தில் பயிற்சியாளர் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அது நிரந்தர வேலை. அவர் இரண்டு கோடை விடுமுறையில் அங்கே போய் ஓட்டப் பழகியவர். ஆனால் பழகியதெல்லாம் வடக்குப் பக்கம், மீனவர்கள் பெண்கடல் என்று சொல்லும் அமைதியான தண்ணீரில். தேர்வு வைப்பது தெற்கே, ஆண்கடலில். ஆடியில் அங்கே அலை ஆள் உயரம் வரும்.

"அண்ணே, நீங்க எழுதுனபடியே போர்டு வாங்கிட்டேண்ணே. வண்டிய வித்துத்தான் வாங்குனேன். 115 லிட்டரு, 42 ஃபின்னு, அப்படியே நீங்க சொன்னது. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லிட்டீங்கன்னா தெம்பா இருக்கும்" என்றார்.

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சின்ன ஃபின்னைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். நேரில் கொடுத்து, நான் எழுதியது தப்பு என்று சொல்லிவிடுவது என்பதுதான் எண்ணம். இதை நீங்கள் நம்பவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை 6.20-க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். சிம்மக்கல்லிலிருந்து ஆரப்பாளையத்துக்கு ஆட்டோ, முப்பது ரூபாய். ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில்களில் கூட்டம் என்பதால் பத்து நிமிட வழிக்கு இருபது நிமிடம் ஆனது. 6.55-க்கு உசிலம்பட்டி பேருந்து. டிக்கெட் பதின்மூன்று ரூபாய். நாகமலை தாண்டியதும் காற்று தெரிய ஆரம்பித்துவிட்டது. செக்கானூரணிக்கு அப்பால் சாலையோரப் புளியமரங்கள் எல்லாம் கிழக்கே பார்த்து வளைந்து நின்றன. ஆடியில் மேற்கே மலை இடுக்கு வழியாக வரும் இந்தக் காற்றுக்காகவே இந்தப் பக்கம் வரலாம்.

பையிலிருந்து ஃபின்னின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடத்துநர் டிக்கெட் கொடுத்துவிட்டு அதையே பார்த்தார்.

"அண்ணே, பைக்குள்ள என்ன? அருவாளா?"

"இல்லங்க, பலகைக்கு அடியில மாட்டுறது. கடல்ல ஓட்டுவாங்கள்ல, அதுக்கு."

"கடலுக்கா? வண்டி உசிலம்பட்டிதாண்ணே போகும்."

முன்சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால், அன்றைக்கு என்னைச் சரியாக விசாரித்த ஒரே ஆள் அவர்தான்.

8.05-க்கு உசிலம்பட்டி. சந்தைக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, பதினான்கு ரூபாய். சாம்பார் சுமார், சட்னி அபாரம். 8.30-க்கு எழுமலை பேருந்து, ஐந்து ரூபாய், நாற்பது நிமிடம். எழுமலை பேருந்து நிறுத்தத்தில் செல்வம் கடன் வாங்கிய மொபெட்டோடு நின்றார். முப்பது வயது இருக்கும். ஒல்லி, ஆனால் தோள் மட்டும் அகலம். என்னைப் பார்த்ததும் பையை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

"வாங்கண்ணே, வாங்க. ஸ்கூலுக்கு ஒரு அஞ்சு நிமிசம் போயிட்டுப் போயிரலாம். எச்செம் பாக்கணும்ன்றாரு."

அங்கேதான் நான் விழுந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தால், அவர் எதற்கு வந்தார் என்று தெரிவதற்கு முன்பே தோளில் ஒரு துண்டு விழுந்துவிடும். காலைக் கூட்டத்தை எனக்காகவே நிறுத்தி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்றை எனக்குப் போர்த்தி, "கடல் அலைகளையே அடக்கி ஓட்டியவர், மதுரை மண்ணின் மைந்தர், நம்ம செல்வம் சாருக்குக் குரு" என்று ஒலிபெருக்கியில் பேசினார். நானூறு பேர் கைதட்டினார்கள். "இல்லை, நான் கண்மாயில்தான் ஓட்டியிருக்கிறேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒலிபெருக்கி என் கைக்கு வந்தபோது, "அலையைக் கண்டு பயப்படக் கூடாது" என்று பேசினேன். எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

துண்டோடு கண்மாய்க்குப் போனோம். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். மார்ச்சில் பெய்த மழையில் நெஞ்சளவுத் தண்ணீர் இன்னும் கிடந்தது. கரையில் கருவேல மரங்கள், அந்தப் பக்கம் மலை, இடையில் இடைவிடாத காற்று. செல்வம் பாயைக் கட்டிய வேகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரில் இறங்கி ஒரு நிமிடத்தில் பலகை எழும்பிப் பறந்தது. அக்கரைக்குப் போய் விழாமல் திரும்பி வந்தார். நான் ஆறு வருடமாக அந்தத் திருப்பத்தில் பத்துக்கு ஐந்து முறை விழுகிறவன். பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூச்சிரைக்கக் கரைக்கு வந்து பலகையைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தார். 42 சென்டிமீட்டர் ஃபின் கத்திபோல நின்றது.

"இது இங்க நல்லாப் பிடிக்குதுண்ணே. ஆண்கடல்ல அலைக்குள்ள திருப்பணும்ல? இம்புட்டுப் பெருசு சரியா வருமா? ஒரு சந்தேகம். அதான் உங்கள வரச் சொன்னேன்."

கேள்வியை அவரே கேட்டுவிட்டார். பதில் என் பைக்குள் இருந்தது. பை என் காலடியில் இருந்தது. தோளில் துண்டு காற்றில் படபடத்தது. கூடவே வந்த தமிழாசிரியர் ஒருவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே போதும் தம்பி. பழகுன ஃபின்ன மாத்தாதீங்க" என்றேன்.

"இது போதும்ண்ணே எனக்கு" என்றார் முகம் மலர. மதியம் அவர் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி எதுவும் நினைவில் இல்லை. 2.15 பேருந்தில் கிளம்பி ஐந்து மணிக்கு வீடு சேர்ந்தேன். மனைவி துண்டைப் பார்த்துவிட்டு, பையைத் திறந்து பார்த்தார். ஃபின்னைத் துணியோடு எடுத்து அலமாரியில் வைத்தார்.

இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. சனிக்கிழமை காலை செல்வம் பலகையோடு காய்கறி வண்டியில் மதுரை வந்து, மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியில் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. (பலகையோடு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். மீன் வண்டிக்காரர்கள் நூற்றைம்பது ரூபாய்க்கு ஏற்றிக்கொள்வார்கள். வாடை மட்டும் ஒரு வாரம் போகாது.) மீன் மார்க்கெட் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். பத்து மணிக்குப் போனேன். ஃபின்னை எடுத்துக்கொண்டுதான் போனேன். வண்டி கிளம்பும்போது அவர் கையில் கொடுத்தேன்.

"இதென்னண்ணே?"

"சின்ன ஃபின். சும்மா, கூடுதலா ஒண்ணு இருக்கட்டும்."

"இத எப்பண்ணே போடணும்?"

"தேவப்பட்டா."

எந்தத் தேவை என்று நான் சொல்லவில்லை. கொடுத்துவிட்டோம் என்று என் மனம் நிம்மதியடைந்ததுதான் இதில் கேவலம். பொருளைக் கொடுத்துவிட்டு உண்மையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை நாலரை மணிக்குச் செல்வம் அழைத்தார். அவர் பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"கிடைக்கலண்ணே. அலைக்குள்ள திருப்பவே முடியல. நேரா இழுத்துக்கிட்டே போகுது. ரெண்டாவது தடவ கரைக்கு வாரப்ப மணல்ல தட்டி, ஃபின்னு அது மாட்டுற குழியோட பிச்சுக்கிட்டு வந்துருச்சு. போர்டுக்குள்ள தண்ணி போயிருச்சுண்ணே." பிறகு அவரே, "எம்மேலதான் தப்பு. நீங்க சொன்னது சரிதான். எனக்கு அம்புட்டு அனுபவம் பத்தல" என்றார்.

அடுத்த நாள் அந்தப் பழைய பதிவின் கீழே அவருடைய பின்னூட்டம் வந்திருந்தது. அண்ணன் நேரில் வந்து வழிகாட்டியதற்கு நன்றி, வேலை கிடைக்காதது என் குறை, அடுத்த முறை முயல்வேன் என்று. என் அனுமதிக்காகக் காத்திருந்தது. ஏப்ரலில் வந்த பின்னூட்டமும் அதற்குக் கீழேயே காத்திருந்தது. ஒன்று என்னைக் காப்பாற்றும், ஒன்று என்னைக் கவிழ்க்கும். பத்து நாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். நன்றி சொன்னதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு மறுபடி அதே வழி, அதே 6.55 பேருந்து. இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். துண்டு எதுவும் வராமல் இருக்கட்டும் என்று. செல்வம் வீட்டுச் சுவரோரம் பலகை கவிழ்ந்து கிடந்தது. ஃபின் இருந்த இடத்தில் கை நுழையும் அளவு ஓட்டை. அவர் கட்டிலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அலையில் நான் ஓட்டியதில்லை, ஏப்ரலிலேயே தப்பு என்று தெரியும், கண்மாய்க் கரையில் அந்தச் சின்ன ஃபின் என் பையில்தான் இருந்தது, மானத்துக்குப் பயந்து எடுக்கவில்லை.

அவர் உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் என் பதிவின் அச்சுப்பிரதி. நான்காக மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. "என் அனுபவத்தில்" வரும் நான்கு இடத்திலும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"அங்க வந்திருந்த மத்தவங்க எல்லாரும் சின்ன ஃபின்னுதாண்ணே மாட்டியிருந்தாங்க. நானும் பாத்தேன். நீங்க குடுத்த சின்னது பையிலதான் இருந்துச்சு. மாத்திருவமான்னு கையில எடுத்தேன். அண்ணன் தெரியாமயா எழுதியிருப்பாருன்னு திரும்ப வச்சுட்டுப் பெருசயே போட்டேன்."

அவர் தாளை மடித்தார்.

"கரையில கேட்டேன்ல. அப்பச் சொல்லியிருந்தாப் போதுமே. கையிலதான வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"தமிழய்யா முன்னால வேணாம்னா, வீட்டுல சாப்புடுறப்பச் சொல்லியிருக்கலாம்."

அதற்கும் ஆமாம் என்றேன். பலகையைச் சரிசெய்து தருவது என் பொறுப்பு என்றேன். திருப்பரங்குன்றம் சாலையில் கண்ணாடியிழையில் தண்ணீர்த் தொட்டி செய்கிற பட்டறை ஒன்றில் பேசி வைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. "சரி, எடுத்துட்டுப் போங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். பால் வண்டி ஒன்றைப் பிடித்து, பலகையை ஏற்றிக் கயிறு கட்டவும் உதவினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பாத்துப் போங்க சார்."

எங்கள் பக்கத்தில் 'அண்ணே' என்று கூப்பிட ஒரு காரணமும் வேண்டாம். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரும் அண்ணன்தான், பேருந்து நடத்துநருக்கு நானும் அண்ணன்தான். ஆனால் ஒரு முறை அண்ணன் ஆனவரைச் சார் என்று மாற்றிக் கூப்பிட ஒரு காரணம் வேண்டும். வண்டி உசிலம்பட்டி வரும்வரை அந்த ஒரு வார்த்தைதான் காதில் இருந்தது.

இனி பலகை விஷயம். கீழே வரும் பத்தி என் அறிவு அல்ல. நான் உண்மையைச் சொல்லிவிட்டு வந்த பிறகு, தேர்வு வைத்த பயிற்சியாளரிடம் செல்வம் கேட்டுக் குறித்துக்கொண்டது. போன வாரம் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. "போடுங்க சார், வேற யாராவது வாங்குறதுக்குள்ள" என்று மட்டும் கடைசியில் இருந்தது.

எழுபது கிலோ எடையுள்ளவர், ஓரளவு ஓட்டத் தெரிந்தவர், கண்மாய்க்கும் கடல் அலைக்கும் ஒரே பலகைதான் வாங்க முடியும் என்றால், 85-இலிருந்து 95 லிட்டர், நீளம் 235 சென்டிமீட்டரைச் சுற்றி, அகலம் அறுபதுக்குப் பக்கம். பலகையின் அடிப்பக்கம் தட்டையாக இல்லாமல் முன்னும் பின்னும் கொஞ்சம் வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் அலையில் திரும்பும். பலகை ஒன்றாக இருக்கலாம், ஃபின் ஒன்றாக இருக்கக் கூடாது. தட்டைத் தண்ணீருக்கு 28 முதல் 30, அலைக்கு 22 முதல் 24. வாங்கும்போதே இரண்டும் அந்தப் பலகையின் குழியில் உட்காருகிறதா என்று மாட்டிப் பார்க்க வேண்டும். பாய் பெரிதானால் ஃபின்னும் கொஞ்சம் பெரிதாகலாம். கால் நுழைக்கும் பட்டைகளை அலைக்குப் போகும்போது உள்பக்கமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போதுதான் பழகுகிறவர்களுக்கு இந்தப் பலகை மூழ்கும். அவர்கள் பெரிய பலகையில், அமைதியான தண்ணீரில் ஒரு வருடம் பழகட்டும். ஏற்கனவே 115 வாங்கிவிட்டவர்கள் அதை விற்க வேண்டாம், ஆனால் 42-ஐ மாட்டிக்கொண்டு அலைப்பக்கம் போகவே போகாதீர்கள்.

பலகை பட்டறையிலிருந்து போன செவ்வாய்க்கிழமை வந்தது. ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது, தண்ணீர் புகவில்லை. எழுமலைக்கு அனுப்பிவிட்டேன். மையத்தில் மறுபடி எப்போது ஆள் எடுப்பார்கள் என்று தெரியாது. பழைய பதிவை நான் நீக்கவில்லை. அதன் தலையில் "இது தவறு" என்று எழுதி, இந்தப் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். இன்று காலை அந்த ஏப்ரல் பின்னூட்டத்தை அனுமதித்துவிட்டேன். செல்வத்தின் நன்றியை அனுமதிக்கவில்லை. அதை வாங்க எனக்கு உரிமை இல்லை.

கடைசியாக ஒரு யோசனை. யார் எந்தப் பலகையைச் சொன்னாலும், வாங்குவதற்கு முன்னால் அந்தப் பின்னூட்டக்காரர் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: "நீங்கள் எந்தக் கடலில் ஓட்டினீர்கள்?" அவருக்கு நான்கு மாதம் நான் பதில் சொல்லவில்லை. இன்று அவருக்குக் கீழே எழுதிவிட்டேன்: "கடலில் இல்லை ஐயா. திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாயில்."